ஆள் உள்ளே போகக் கூடாது என்றவன்

ராயபுரத்தில் எங்கள் பங்குத் திருவிழா மலருக்கு இந்த ஆண்டு இறைவாக்கினர்கள்தான் பொருள் என்று சாமியார் சொல்லிவிட்டார். எலியாவைப் பற்றி ஒரு கன்னியாஸ்திரி எழுதுகிறார். எரேமியாவைப் பற்றி ஒரு கல்லூரி வாத்தியார். என்னிடமும் வந்து, "நீங்களும் ஏதாவது எழுதுங்கள், உங்களுக்குத்தான் அனுபவம் அதிகம்" என்றார். ஆள் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான், இதையும் நான் சொல்லச் சொல்ல என் மனைவிதான் எழுதுகிறாள். பதின்மூன்று வயதில் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனேன். இன்று எழுபத்திரண்டு வயது. மணலியிலிருந்து எண்ணூர் வரை எந்தத் தொழிற்சாலை வாசலிலும் யேசுதாஸ் கலாசி கோஷ்டி என்று கேட்டுப் பாருங்கள், காவல்காரன் எழுந்து நின்று வழி சொல்வான். கலாசி என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிரேன் நுழைய முடியாத இடத்தில் ஐம்பது டன், நூறு டன் இயந்திரத்தை ஜாக்கியும் மரக்கட்டையும் தண்டவாளத் துண்டும் வைத்துக் கையாலேயே நகர்த்தி உட்கார வைக்கிற வேலை. எடையை நான் கண்ணாலேயே சொல்வேன். பொறியாளர்கள் காகிதத்தைப் பிரிப்பதற்குள் சொல்லிவிடுவேன். அரை டன்னுக்கு மேல் தப்பியதில்லை.

ஆனால் எலியாவை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த இறைவாக்கினர் ஒருவன் ராயபுரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறான். பெயர் நெல்சன். என்னிடம் போர்மேன். அவனை வேலைக்குச் சேர்த்தவன் நான், துரத்தியவனும் நான். ஆகவே அவனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இந்தப் பங்கில் கிடையாது.

நெல்சனின் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்றவர். பையன் பத்தாவது தேறினான், அதற்கு மேல் வசதியில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த அம்மா அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் முன்னால் நிறுத்தினார். பத்தொன்பது வயது. நாற்பத்தெட்டு கிலோ என்று பார்த்தவுடன் சொன்னேன். கட்டையைத் தூக்கச் சொன்னால் கட்டை இவனைத் தூக்கிவிடும் போல இருந்தான். அந்த அம்மாவின் முகத்துக்காகச் சேர்த்துக்கொண்டேன்.

தூக்கத் தெரியாதவனுக்குப் பார்க்கத் தெரிந்தது. ஒவ்வொரு கட்டையையும் தடவிப் பார்ப்பான். ஜாக்கியின் எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்ப்பான். சாப்பாட்டு நேரத்தில் நாளிதழை எடுத்து எல்லோருக்கும் சத்தமாக வாசிப்பான், எனக்காகத்தான் அது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் நான், அவன் வாசிக்கக் கேட்டே உலகம் தெரிந்துகொண்டேன். அந்த வாசிப்பைக் கேள்விப்பட்டு அப்போதிருந்த சாமியார் அவனைக் கோயிலில் முதல் வாசகம் வாசிக்க வைத்தார். குரலை உயர்த்தவே மாட்டான். கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்.

மற்ற நேரத்தில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்தப் பத்தும் நேராக வரும். ஒரு கிறிஸ்துமஸ் அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு எப்படி இருக்கிறது என்று எல்லோரையும் கேட்டேன். எல்லோரும் ராஜா மாதிரி என்றார்கள். இவன் மட்டும், "வயித்தாண்ட டைட்டா கீது நைனா" என்றான். சிரித்துக்கொண்டேன். சட்டை விஷயம்தானே.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அறுபது டன் டிரான்ஸ்பார்மர் ஒன்றை மேடை மேல் இறக்குகிற வேலை வந்தது. வியாழக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்று பொறியாளர் சொன்னார். முடியாவிட்டால் அடுத்த வேலைக்கு வேறு கோஷ்டியைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். முப்பத்தைந்து ஆண்டில் நான் ஒரு தேதியைத் தவறவிட்டதில்லை. சரி என்றேன்.

பெரிய வேலை வந்தால் என் மனைவி ஹில்டா மேத்யூ பிரதரைக் கூப்பிடுவாள். அவர் எங்கள் சபைக்காரர் இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் விசா, கல்யாணம், ஆபரேஷன் எதுவென்றாலும் அவரைக் கூப்பிட்டு வாக்கு கேட்பது வழக்கம். நல்ல மனிதர், பைசா வாங்க மாட்டார், ஒரு டீ மட்டும் குடிப்பார். திங்கட்கிழமை வந்து என் தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். வியாழக்கிழமை ஆண்டவர் எனக்கு முன்னால் ஒரு கதவைத் திறக்கிறார், என் பெயர் உயரப் போகிறது என்று வாக்கு வந்ததாகச் சொன்னார். வியாழக்கிழமை என்பதை நான் ஹில்டாவிடம் சொல்லியிருந்தேன், ஹில்டா அவரிடம் சொல்லியிருந்தாள். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் காலை வேலை இடத்துக்குப் போனேன். நான்கு ஜாக்கிகளையும் முந்தின மாலையே பாரத்தில் நிறுத்தி வைத்திருந்தான் நெல்சன். மூன்று அப்படியே நின்றன. ஒன்று மட்டும் விரல் கனம் இறங்கியிருந்தது. சின்ன ஜாக்கியா அது, என் தொழிலில் நான் முதன்முதலாக வாங்கிய பெரிய ஜாக்கி. எல்லோரும் சுற்றி நிற்கும்போது நெல்சன் சொன்னான்.

"ஜாக்கி எறங்கிக்கினே கீது நைனா. இத்த வச்சிக்கினு உள்ள ஆளு போவக்கூடாது. ரெண்டு நாளு வுடு, திருவொத்தியூர்ல குடுத்து சீல் மாத்தி எட்தாறேன்."

டிரான்ஸ்பார்மரை ஜாக்கியில் தூக்கி, அடியில் இருக்கும் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி உருவி இறக்க வேண்டும். உருவுகிறவர்கள் அறுபது டன்னுக்கு அடியில் படுத்துத்தான் உருவ வேண்டும். ஆறு பேர். அவன் சொன்னது அதைத்தான். எனக்குக் காதில் விழுந்தது ரெண்டு நாள் என்பது மட்டும். ஜகா வாங்குகிறாயா என்று கேட்டேன். சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். ஃப்ரெடி, சாவியோ, வியாசர்பாடியிலிருந்து வரும் வல்லரசு, எல்லோரையும். ஆகுமா ஆகாதா? ஆவும் நைனா என்றார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். பார்த்தாயா என்று நெல்சனைப் பார்த்தேன். அவன் ஜாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை மாலை எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவில் இருக்கிற குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசித்துப் பேசுவோம். எந்த வாரம் எந்தப் பகுதி என்று பங்கு அலுவலகத்திலிருந்து அச்சடித்த தாள் வரும். அந்த மாதம் இறைவாக்கினர்கள். அந்த வாரம் மீக்காயா. அந்தப் பெயரையே நான் அதுவரை கேட்டதில்லை. வழக்கம்போல நெல்சன் வாசித்தான்.

கதை இதுதான். ஆகாபு என்கிற அரசன் சண்டைக்குப் போக நாள் பார்க்கிறான். நானூறு இறைவாக்கினர்களைக் கூட்டிக் கேட்கிறான். நானூறு பேரும் போ, ஜெயிப்பாய் என்கிறார்கள். ஒருவன் இரும்பில் கொம்பு செய்துகொண்டு வந்து, இப்படி முட்டித் தள்ளுவாய் என்று காட்டுகிறான். இன்னும் யாராவது உண்டா என்று கூடச் சண்டைக்கு வரும் இன்னோர் அரசன் கேட்டால், ஒருவன் இருக்கிறான், மீக்காயா, எனக்கு நல்லதே சொல்ல மாட்டான், அதனால் அவனைப் பிடிக்காது என்கிறான் ஆகாபு. கூப்பிடப் போன சேவகன் மீக்காயாவிடம், எல்லோரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள், நீயும் அப்படியே சொல்லிவிடு என்று கெஞ்சுகிறான். மீக்காயா போய் உள்ளதைச் சொல்கிறான். கன்னத்தில் அறை வாங்குகிறான். அரசன் அவனைச் சிறையில் போட்டுவிட்டுச் சண்டைக்குப் போகிறான். நீர் நல்லபடி திரும்பி வந்தால் ஆண்டவர் என் வழியாகப் பேசவில்லை என்று மீக்காயா சொல்லி அனுப்புகிறான். அரசன் திரும்பவில்லை.

வாசித்து முடித்ததும், இன்று நம் நடுவே இறைவாக்கினர் யார் என்று தாளில் இருந்த கேள்வியையும் நெல்சனே படித்தான். நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்கிறவர் என்றார் ஒருவர். ஹில்டா மேத்யூ பிரதரின் பெயரைச் சொன்னாள். நிறைய பேர் தலையாட்டினார்கள். நெல்சன் தாளை மடித்துக்கொண்டே பேசினான்.

"நடக்கப்போறத்த சொல்றது பெர்சு இல்லக்கா. அந்த நானூறு பேரும் அத்த தான் சொன்னாங்கோ. ராஜா மூஞ்சிக்கு நேரா நின்னு இது வோணாம்னு சொல்றவன் தான் ஆளு."

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் டீயைக் குடித்துவிட்டு என்னை ஆகாபு என்கிறானே என்று தலைக்கு ஏறிவிட்டது. பகுதியைத் தேர்ந்தெடுத்தது பங்கு அலுவலகம் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்து நின்றேன்.

"நாளைக்கு நீ வர வோணாம். அதுக்கு அப்பாலயும் வோணாம்."

இருபத்து மூன்று ஆண்டு வேலை. நெல்சன் விவிலியத்தை மேசைமேல் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அவன் மனைவி கரோலின் மட்டும் வாசலில் நின்று, ஹில்டாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பின்னால் போனாள்.

வியாழக்கிழமை வல்லரசைப் போர்மேனாகப் போட்டு வேலையைத் தொடங்கினேன். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு என் ஆட்கள் செய்த வேலையைப் போட்டோ பிடித்து மாட்டலாம். காலை எட்டு மணிக்குத் தூக்கினார்கள். நான் பொறியாளரோடு எதிர்ப்பக்கம் நின்றேன், அடியில் யார் யார் போனார்கள் என்று குனிந்து பார்க்கவில்லை. அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். கட்டை உருவ, ஜாக்கி இறக்க, கட்டை உருவ, ஜாக்கி இறக்க. மூன்றரை மணிக்கு அறுபது டன்னும் மேடைமேல் பூப்போல உட்கார்ந்தது. ஒரு கீறல் இல்லை. பொறியாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஹில்டாவுக்குப் போன் போட்டுக் கதவு திறந்துவிட்டது என்றேன். ஆட்களுக்கு பிரியாணி சொல்லியிருந்தேன், அண்டா வந்து இறங்கியது.

ஆட்கள் அண்டாப் பக்கம் வரவில்லை. கை கழுவிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வாசலைத் தாண்டிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடைக்குப் போனார்கள். என்னடா இது என்று நானும் பின்னாலேயே போனேன். அங்கே பெஞ்சில் நெல்சன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு துணிப்பை.

எங்கள் கோஷ்டியில் ஒரு பழக்கம் உண்டு. பாரத்துக்கு அடியில் போகிறவர்கள் மோதிரம், சங்கிலி, போன் எல்லாவற்றையும் கழற்றி வெளியில் நிற்கும் போர்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். மோதிரம் மாட்டிக்கொள்ளும், போன் அடித்தால் கை நடுங்கும். அன்றைக்குப் போர்மேன் வல்லரசு. அவனிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. காலையில் வேலைக்கு வரும்போதே டீக்கடையில் நெல்சனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். விடிந்ததிலிருந்து அவன் அந்த பெஞ்சை விட்டு எழவில்லை என்று கடைக்காரர் சொன்னார்.

நெல்சன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். ஃப்ரெடி போனை வாங்கிக்கொண்டு அவனைச் சீண்டினான்.

"ஒண்ணும் ஆவலயே நெல்சா. உன் வாக்கு பூட்ச்சி. நீ யோனா ஆயிட்ட."

"யோனா கோச்சிக்கினான்டா. நான் டீ குடிச்சிக்கினு கீறேன்" என்றான் நெல்சன்.

நினிவே நகரம் அழியும் என்று யோனா சொன்னார், மக்கள் திருந்தினார்கள், நகரம் அழியவில்லை, யோனா கோபித்துக்கொண்டு போய் வெயிலில் உட்கார்ந்தார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது பையிலிருந்து ஒரு தாள் கீழே விழுந்தது. எடுத்தேன். நெல்சன் கையெழுத்து. எழுத்துக்கூட்டித்தான் படித்தேன், அதனால் ஒவ்வொரு வார்த்தையும் மெதுவாக உள்ளே இறங்கியது.

ஃப்ரெடி: அம்மாவுக்குப் போன் போடாதே, தம்பிக்குப் போடு. சாவியோ: ஜூடிக்கு ஏழாம் மாதம், அவள் அப்பாவிடம் சொல். இப்படி ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அவனுக்கு ஏதாவது ஆனால் யாரிடம் எப்படிச் சொல்வது என்று ஓர் எண், ஒரு வரி. கடைசிப் பெயர் வல்லரசு: பெண்டாட்டி ரமாபாய்க்கு, பக்கத்து வீட்டு அக்காவைக் கூட வைத்துக்கொண்டு சொல்.

ஆறாவது ஆள் வல்லரசா என்று கேட்டேன். போர்மேன் அடியில் போகக் கூடாது. யாரையும் ஆறாவது ஆளாகப் போகச் சொல்ல வாய் வரவில்லை, நானே போய்விட்டேன் என்றான் அவன். அப்படியானால் செவ்வாய்க்கிழமை ஏனடா ஆகும் என்றீர்கள் என்று கத்தினேன். வல்லரசு குத்துச்சண்டை போடுகிறவன், கண்ணைத் தாழ்த்திப் பழக்கமில்லாதவன். அன்று கீழே பார்த்துக்கொண்டு பேசினான்.

"நீ கேட்டா நாங்க இன்னா நைனா சொல்வோம்? ஆவும்னு தான் சொல்வோம்."

அறுபது டன்னைக் கண்ணால் எடை போடுகிறவன் நான். ஆறு பேர் பயத்தைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் நின்றார்கள், எனக்குத் தெரியவில்லை. அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். நெல்சனைப் பார்த்து, நேற்று நீதானே வாசித்தாய், நல்லபடி திரும்பி வந்தால் ஆண்டவர் பேசவில்லை என்று, நான் திரும்பி வந்துவிட்டேனே, இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அவன் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"பாரம் வுயும்னு நான் சொல்லவேல்ல நைனா. ஆளு உள்ள போவக்கூடாதுன்னு சொன்னேன். வுயாட்டியும் அதே பேச்சு தான்."

நான் திரும்பி வந்து பிரியாணியைக் காவல்காரர்களுக்குக் கொடுக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த ஜாக்கியைத் திருவொற்றியூர் பட்டறைக்கு அனுப்பினேன். உள்ளே எண்ணெயைக் கசியாமல் பிடிக்கிற சீல் கிழிந்து இரண்டு விரல் நீளத்துக்குத் தொங்கியதாக மேஸ்திரி சொன்னார். இன்னும் எத்தனை நேரம் தாங்கியிருக்கும் என்று கேட்டதற்கு, அது அவருக்கும் தெரியவில்லை. பிறகு நெல்சன் வீட்டுக்குப் போனேன். நான் யார் வீட்டுக்கும் போய் வேலைக்குக் கூப்பிட்டவனில்லை. வேலை கேட்டு என் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். அன்று மூன்று மாடி ஏறினேன், இந்த முழங்காலோடு.

கரோலின் நாற்காலி போட்டாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் திங்கட்கிழமை வா என்று மட்டும் சொன்னேன். வருகிறேன் என்றான். ஆனால் ஒன்று கேட்டான். அடியில் போகிறவர்களில் யார் வேண்டுமானாலும் நிறுத்து என்று சொல்லலாம். சொன்னால் நிறுத்த வேண்டும். எல்லோரும் வெளியே வரும் வரைக்கும் நான் ஏன் என்று கேட்கக் கூடாது. தேதியைப் பொறியாளரிடம் பேசி நான் வைக்கலாம், ஜெபம் வீட்டில் தாராளமாக நடக்கலாம், ஆனால் ஜாக்கியைப் பற்றி வாக்கு கேட்கக் கூடாது.

"ஒருத்தன் சும்மா சொன்னா?" என்று கேட்டேன்.

"சும்மா சொன்னாலும் தான் நைனா."

ஒப்புக்கொண்டேன். அவன் கேட்டது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முப்பத்தைந்து ஆண்டு என் சொல்தான் கடைசிச் சொல்லாக இருந்தது. அதை எடுத்துக் கூலிக்காரன் கையில் கொடு என்கிறான். இப்படிக் கேட்கவும் ஒருவனுக்கு நெஞ்சு வேண்டும், கொடுக்கவும் ஒருவனுக்கு நெஞ்சு வேண்டும். ஆகாபுக்கு அது இல்லை. எனக்கு இருந்தது.

இந்த மலரை வாசிக்கும் பங்கு மக்களுக்கு ஒன்று சொல்வேன். மேத்யூ பிரதர் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறார், டீ குடிக்கிறார், ஜெபிக்கிறார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. நான் கேட்க விரும்பியதைத்தான் அவர் சொன்னார், விரும்பியது என் தவறு. எலியாவும் எரேமியாவும் ஆமோசும் செத்துப் போய் ஆயிரக்கணக்கான வருஷம் ஆகிறது. அவர்கள் வேலை சாகவில்லை. கூலி கொடுக்கிறவனிடம், ஓட்டுக் கேட்கிறவனிடம், வீட்டில் பெரிய குரலில் பேசுகிறவனிடம், இது வேண்டாம், ஆள் செத்துப்போவான் என்று சொல்ல ஒருவன் வேண்டும். அவனுக்கு நாளை நடப்பது தெரிய வேண்டியதில்லை. இன்று எதிரில் நிற்பது தெரிந்தால் போதும். அப்படி ஒருவன் உங்கள் தெருவில் இருந்தால் அவனுக்கு இரண்டாவது டீ கொடுங்கள். இல்லையென்றால், உங்கள் முன்னால் ஏன் ஒருவனும் வாய் திறப்பதில்லை என்று பாருங்கள்.

நெல்சன் திரும்பி வந்த அந்தத் திங்கட்கிழமை திருவொற்றியூரில் ஓர் அச்சகத்தில் பன்னிரண்டு டன் இயந்திரம். ஆட்களை வரிசையாக நிறுத்தி நெல்சன் கேட்டதை என் வாயாலேயே அறிவித்தேன். ஒருவரும் நம்பவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மோதிரம், போன் எல்லாம் நெல்சன் கைக்குப் போனது. தூக்கினார்கள். நான்கு பேர் அடியில் போனார்கள். கட்டை பாதி உருவியிருப்பார்கள், அடியிலிருந்து ஃப்ரெடியின் குரல் வந்தது, நிறுத்து என்று.

நெல்சன் கையைத் தூக்கினான். எல்லாம் நின்றது. நான்கு பேரும் ஊர்ந்து வெளியே வந்தார்கள். ஜாக்கியைப் பார்த்தேன், நின்ற இடத்தில் நிற்கிறது. கட்டையைப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. அச்சக முதலாளி கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான்காவது ஆள் எழுந்து தூசி தட்டுகிற வரைக்கும் நின்றேன். அப்புறம்தான் கேட்டேன்.

"இன்னாடா?"

ஃப்ரெடி தலையைச் சொறிந்தான். "ஒண்ணுமில்ல நைனா. சும்மா சொல்லிப் பாத்தேன், நிக்குதா இல்லியான்னு."

நான்கு பேரும் என் வாயையே பார்த்தார்கள். நெல்சனும் பார்த்தான்.

"நின்னுச்சில்ல?" என்றேன். "போங்கடா உள்ள, வேலையப் பாருங்க."